கேமராவைச் சுழற்றி எடுக்கும் பனோரமா: படம் எங்கே உடைகிறது, ஏன்?

கேட்கப்பட்டது இது: "ஸ்வீப் பனோரமாவில் எடுத்த படங்களில் கம்பிகள் முறிந்து தெரிகின்றன, நடந்துபோகிறவர்கள் பாதியாக வெட்டுப்படுகிறார்கள், சில படங்களில் ஓரம் சாம்பல் நிறத்தில் வெறுமையாக நிற்கிறது. சில நேரம் பாதியிலேயே கேமரா நிறுத்திவிடுகிறது. தவறு கையிலா, கேமராவிலா?"

கேமரா பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும். அந்தச் சில நொடிகளில் அது உள்ளே என்ன செய்கிறது என்று தெரிந்துகொண்டால், மேலே சொன்ன குறைகளில் முக்கால்வாசி தானாகவே போய்விடும். ஆகவே முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

ஷட்டரை அழுத்தியதும் கேமரா ஒரு அகலமான படத்தை எடுப்பதில்லை. நாம் அதை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டிருக்கும்போதே, நொடிக்கு ஏறக்குறைய 10 என்ற வேகத்தில் படங்களை அடுக்கடுக்காக எடுக்கிறது. ஒவ்வொரு படத்திலும் நடுப்பகுதியிலிருந்து ஒரு குறுகிய செங்குத்துக் கீற்றை மட்டும் வெட்டி எடுத்துக்கொள்கிறது. மற்றதைத் தூக்கிப் போட்டுவிடுகிறது. அந்தக் கீற்றுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பொருந்துகிற இடம் பார்த்து ஒட்டுகிறது. 180 டிகிரியை 6 நொடியில் சுழற்றினால் நொடிக்கு 30 டிகிரி. அதாவது ஒரு கீற்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 3 டிகிரி. மொத்தம் 60 கீற்று. இந்த 60 கீற்றுகளும் 60 வெவ்வேறு கணங்களில், லென்ஸ் நகர்ந்துகொண்டே இருந்த 60 வெவ்வேறு இடங்களிலிருந்து எடுக்கப்பட்டவை. எல்லாச் சிக்கலும் இந்த இரண்டில்தான் இருக்கிறது: இடம் மாறுகிறது, நேரமும் நகர்கிறது.

சோனி 2009-இல் சைபர்ஷாட் ஹெச்எக்ஸ்1 கேமராவில் இதை ஒரு பொத்தானில் அடக்கித் தந்தது. ஐபோனுக்கு 2012-இல் ஐஓஎஸ் 6 வழியாக வந்தது. கருத்து மட்டும் பழையது. 1904-இல் காப்புரிமை பெற்ற சர்க்கட் கேமரா, தன் அச்சில் தானே சுழன்றபடி, நீண்ட ஃபிலிமை ஒரு குறுகிய பிளவுக்குப் பின்னால் ஓடவிட்டு இதையேதான் செய்தது. பெரிய குழுப் படங்களில் ஒரு ஓரத்தில் நின்ற பையன் வரிசைக்குப் பின்னால் ஓடி மறு ஓரத்திலும் போய் நின்று, ஒரே படத்தில் இரண்டு முறை விழுந்த வேடிக்கை அந்தக் காலத்தது. இன்று உங்கள் படத்தில் ஒரே ஆள் இரண்டு இடத்தில் தெரிந்தால் காரணம் அதேதான்.

முதலில் இடம் மாறுவதைப் பார்ப்போம், ஏனென்றால் முறிந்த கம்பிகளுக்கும் வெட்டுப்பட்ட வேலிகளுக்கும் இதுவே முதல் காரணம். ஒரு விரலை முகத்துக்கு முன்னால் நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள்; பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். பின்னால் உள்ள சுவரோடு ஒப்பிட்டால் விரல் தாவுகிறது. பள்ளியில் படித்த இடமாறு தோற்றம்தான் இது. கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு உடம்பைத் திருப்பும்போது லென்ஸ் சுமார் 60 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டத்தில் நகர்கிறது. 3 டிகிரி திரும்புவதற்குள் லென்ஸ் 3 செ.மீ. இடம் மாறிவிடும். 2 மீட்டரில் ஒரு கம்பம் நின்றால், தொலைவில் உள்ள மலையோடு ஒப்பிட அது ஏறக்குறைய 0.9 டிகிரி நகர்ந்து தெரியும். 28 மி.மீ.க்குச் சமமான (அகலமான பார்வை தரும்) லென்ஸ், 4000 பிக்சல் அகலப் படம் என்று வைத்தால், ஒரு டிகிரிக்கு நடுவில் சுமார் 54 பிக்சல். ஆக, ஒரே கீற்று இடைவெளியில் கம்பத்துக்கும் மலைக்கும் இடையே 48 பிக்சல் பிசகு. கேமரா மலையைப் பொருத்தினால் கம்பம் முறியும்; கம்பத்தைப் பொருத்தினால் மலை முறியும். இரண்டையும் ஒருசேரப் பொருத்த எந்த மென்பொருளாலும் முடியாது, ஏனென்றால் இரண்டு கீற்றிலும் இருப்பது இரண்டு வேறு பார்வைகள்.

இப்போது அதே கணக்கை, கேமராவை மார்போடு ஒட்டிப் பிடித்து 15 செ.மீ. ஆரத்தில் போடுங்கள். அதே 2 மீட்டர் கம்பத்துக்குப் பிசகு 12 பிக்சலாகக் குறைகிறது. 10 மீட்டர் தள்ளி நிற்கும் பொருளுக்கு 2 அல்லது 3 பிக்சல்தான், கண்ணுக்கே தெரியாது. எனவே செய்ய வேண்டியவை இரண்டு: சுழலும் ஆரத்தைக் குறையுங்கள், அருகில் உள்ள பொருளைத் தவிருங்கள். கையால் எடுக்கும்போது முன்புறத்தில் 4, 5 மீட்டருக்குள் கைப்பிடிக் கம்பியோ, கிளையோ, வேலியோ இல்லாத இடத்தில் நிற்பது, வேறு எந்த நுணுக்கத்தையும்விட அதிகப் பலன் தரும். மேல்தளத்துக் கைப்பிடிச் சுவருக்குப் பின்னால் நின்று எடுப்பவர்கள் படத்தில் அந்தச் சுவர் படிக்கட்டு போல உடைவது இதனால்தான். சுவரை ஒட்டி நின்று, அதன் விளிம்பு சட்டகத்துக்குள் வராதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

உண்மையில் லென்ஸுக்குள் ஒரு புள்ளி உண்டு. அதை அச்சாக வைத்துச் சுழற்றினால் இடமாறு தோற்றம் அறவே இருக்காது. பலர் இதை நோடல் பாயிண்ட் என்று சொல்கிறார்கள்; அது தவறான பெயர். முன்பக்கத்திலிருந்து லென்ஸைப் பார்த்தால் அப்பர்ச்சரின் (ஒளி நுழையும் துவாரத்தின்) பிம்பம் எந்த ஆழத்தில் தெரிகிறதோ, அந்த இடம்தான் அச்சு. முக்காலியும் நகரும் தட்டும் இருந்தால் இதைக் கண்டுபிடிப்பது எளிது: அருகில் ஒரு செங்குத்துக் கம்பியையும், தொலைவில் ஒரு செங்குத்து விளிம்பையும் ஒரே கோட்டில் வையுங்கள். கேமராவை இடமும் வலமும் திருப்புங்கள். இரண்டும் பிரிந்து தெரிந்தால் கேமராவைத் தட்டில் முன்னே அல்லது பின்னே தள்ளுங்கள். எந்த நிலையில் பிரியாமல் சேர்ந்தே போகின்றனவோ அதுதான் இடம். ஜூம் லென்ஸில் ஒவ்வொரு குவியத் தூரத்துக்கும் (ஜூம் அளவுக்கும்) இது மாறும் என்பதால் தட்டில் ஒரு குறி போட்டு வையுங்கள்.

கையில் பிடித்து எடுப்பவருக்கு அவ்வளவு தேவையில்லை. வியூஃபைண்டர் இருந்தால் அதைக் கண்ணோடு ஒட்டி எடுங்கள். திரையைப் பார்த்துக் கை நீட்டி எடுப்பதைவிட இது எவ்வளவோ மேல். வியூஃபைண்டர் இல்லாத கேமராவில் முழங்கைகளை விலாவோடு அழுத்தி, கழுத்துப் பட்டையை இறுக்கி இழுத்துப் பிடியுங்கள். பாதங்களை எடுக்கப்போகும் காட்சியின் நடுப்பகுதியைப் பார்த்து, அல்லது அதைவிடக் கொஞ்சம் முடியும் பக்கமாகவே, ஊன்றிக்கொள்ளுங்கள். பிறகு இடுப்பைத் தொடக்கப் பக்கமாக முறுக்கி நின்று, அந்த முறுக்கை அவிழ்ப்பது போலத் திரும்புங்கள். தொடக்கத்தைப் பார்த்துப் பாதம் ஊன்றியவர்களுக்கு முடிவு வரும்போது உடம்பு முறுகி, கேமரா சாய்ந்துவிடும். படத்தின் கடைசிக் கால்பகுதியில் மட்டும் அடிவானம் இறங்குவது பெரும்பாலும் இந்தக் காரணத்தால்தான். நடந்துகொண்டோ, காலை மாற்றி வைத்துக்கொண்டோ திரும்பவே வேண்டாம்.

கேமரா மேலே பார்த்தோ கீழே பார்த்தோ சாய்ந்திருக்கக் கூடாது. அடிவானம் சட்டகத்தின் நடுவில் ஓடினால் கேமரா மட்டமாக இருக்கிறது என்று பொருள். சாய்த்துப் பிடித்துச் சுழற்றினால் பொருள்கள் சட்டகத்துக்குள் நேர்கோட்டில் நகராமல் வளைந்து நகரும். ஒட்டும்போது அடிவானம் வில்லாக வளையும், அல்லது ஒவ்வொரு கீற்றிலும் சின்னச் சின்னப் படிகள் விழும். வானம் அதிகம் வேண்டும் என்றால் சாய்க்காதீர்கள். உயரமான படமாக எடுத்து, வேண்டாத தரையைப் பிறகு வெட்டுங்கள். முக்காலியில் வைப்பவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மட்டம் பார்க்க வேண்டியது சுழலும் தலைக்கு அடியில் உள்ள அடித்தளத்தை. தலையை மட்டும் மட்டமாக்கினால் தொடக்கத்தில் சரியாக இருந்து, கேமரா திரும்பும்போது சாயும். எடுக்கும் முன் ஒருமுறை இரண்டு ஓரத்துக்கும் திருப்பி அடிவானத்தைப் பாருங்கள்.

உயரமான படம் என்றேன். அதற்கு ஒரு வழி இருக்கிறது, தெரிந்தவர்கள் குறைவு. சோனியின் ஆல்ஃபா வரிசையில் ஸ்வீப் பனோரமா வசதி உள்ள கேமராக்களில் இடது-வலது திசையில் 8192 × 1856, அகல அளவு தேர்ந்தால் 12416 × 1856 பிக்சல். மேல்-கீழ் திசையில் 3872 × 2160, அகல அளவில் 5536 × 2160. இந்த மேல்-கீழ் திசையைத் தேர்ந்துவிட்டு, கேமராவை 90 டிகிரி திருப்பிச் செங்குத்தாகப் பிடித்து, கிடையாகச் சுழற்றுங்கள். கேமராவுக்கு அது மேல்-கீழ் அசைவு; உங்களுக்கு இடது-வலது. படத்தின் உயரம் 1856-இலிருந்து 2160 ஆகிறது. அதைவிடப் பெரிய லாபம், செங்குத்தாகப் பிடித்ததால் மேலும் கீழும் பார்வைக்கோணம் விரிகிறது. 28 மி.மீ.யில் கிடைநிலையில் பிடித்தால் மேல்-கீழ் 46 டிகிரி. செங்குத்தாகப் பிடித்தால் 65 டிகிரி. ரயில் பெட்டி போல நீண்டு ஒடுங்கிய படத்துக்குப் பதில், சுவரில் மாட்டத்தக்க அளவில் ஒரு படம் கிடைக்கும். என்னைக் கேட்டால் பெரும்பாலான காட்சிகளுக்கு இதையே முதலில் முயலச் சொல்வேன். கைப்பேசிகளில் செங்குத்தாகப் பிடிப்பதே வழக்கம் என்பதால் இந்த வசதி தானாகவே அமைந்துவிடுகிறது.

அடுத்தது நேரம். கேமரா திரும்பிக்கொண்டே இருக்கும்போது ஷட்டர் திறந்து மூடுகிறது. நொடிக்கு 30 டிகிரி என்றால், மேலே சொன்ன கணக்கில், காட்சி சென்சாரின் (படத்தைப் பதியும் சில்லின்) மேல் நொடிக்கு 1600-க்கும் மேற்பட்ட பிக்சல் ஓடுகிறது. 1/60 நொடி ஷட்டரில் 27 பிக்சல் இழுபடும், 1/500-இல் மூன்று சொச்சம், 1/1000-இல் ஒன்றரை. மங்கலான பனோரமாவுக்கு ஃபோகஸைக் குறை சொல்கிறவர்கள் ஷட்டர் வேகத்தைப் பார்ப்பதில்லை. இந்த முறையில் பல கேமராக்கள் ஷட்டர் வேகத்தைத் தாங்களே முடிவு செய்யும். உங்களால் எக்ஸ்போஷர் ஈடுகட்டலை (படத்தை வெளிச்சமாக்கும், இருட்டாக்கும் அமைப்பை) மட்டுமே தொட முடியும். எனவே நல்ல வெளிச்சம் இருக்கும்போது எடுப்பதே வழி. அந்தி சாய்ந்த பிறகும், அறைக்குள்ளும் சுழற்றி எடுப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. அங்கே தனித்தனிப் படங்களாக எடுத்து ஒட்டுவதே சரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

அறைக்குள் இன்னொரு தொல்லையும் உண்டு. மின்விளக்குகள் பல, 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 முறை துடிக்கின்றன. கண்ணுக்குத் தெரியாது. வேகமான ஷட்டரில் ஒரு கீற்று பிரகாசமாகவும் அடுத்தது மங்கலாகவும் விழுந்து, படம் முழுக்கத் திரைச்சீலை மடிப்பு போல வரிகள் தெரியும். 1/100 நொடி வைத்தால் வரி போகும், ஆனால் இழுபடும். மின்னணு ஷட்டரைப் பயன்படுத்தினால் வேறு ஒன்று: சென்சாரை மேலிருந்து கீழாகப் படித்து முடிக்க 1/30 நொடி ஆகிறது என்றால், அதற்குள் கேமரா ஒரு டிகிரி திரும்பிவிடும், கம்பங்கள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும். இயந்திர ஷட்டர் உள்ள கேமராவில் சடசடவென்று சத்தம் கேட்கும். பயப்பட வேண்டாம், அது அடுக்கடுக்காக எடுக்கும் சத்தம்தான்.

அசைகிற பொருள்களுக்கு வருவோம். நீங்கள் திரும்பும் திசையிலேயே ஒரு வண்டி ஓடினால், அது பல கீற்றுகளில் விழுந்து நீண்டு தெரியும், அல்லது அதன் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும். எதிர்த்திசையில் ஓடினால் ஒடுங்கிக் குறுகும். வேகமாக ஓடினால் காணாமலே போகலாம். ஆகவே போக்குவரத்து உள்ள இடத்தில், அதற்கு எதிர்த்திசையில் சுழற்றுங்கள். நீண்டு முறிந்த வண்டியைவிடக் குறுகிய வண்டி கண்ணை அவ்வளவு உறுத்தாது. ஆட்கள் இருந்தால், கேமரா அவர்களைக் கடக்கும் அந்த ஒரு நொடி மட்டும் அசையாமல் நின்றால் போதும். அலைகளும், காற்றில் ஆடும் மரங்களும் எப்போதும் கொஞ்சம் பிசகும். அவை தொலைவில் இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை.

வெளிச்சத்தையும் ஃபோகஸையும் வழக்கமாகக் கேமரா முதல் கணத்தில் பூட்டிவிடும். இருண்ட மரத்தடியில் தொடங்கினால் நடுவில் வானம் வெளுத்துப்போகும்; சூரியனைப் பார்த்துத் தொடங்கினால் மற்றதெல்லாம் கறுத்துவிடும். எனவே தொடங்கும் ஓரத்தைப் பார்த்து அளக்காதீர்கள். காட்சியில் எது மிகப் பிரகாசமோ அதற்குப் பக்கத்தில், நடுத்தர வெளிச்சமுள்ள, தொலைவில் இருக்கும் ஒரு பகுதியை நோக்கிப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். அழுத்தியதை விடாமல் தொடக்க ஓரத்துக்குத் திரும்புங்கள். அங்கே முழுதாக அழுத்திச் சுழற்றுங்கள். மேகங்கள் வெளுக்கும் என்று தோன்றினால் ஈடுகட்டலை -0.7 வரை இறக்கிவிடலாம். கிடைப்பது ஜேபெக் மட்டும், ரா கோப்பு (சென்சார் பதிந்தது அப்படியே உள்ள கோப்பு) கிடைக்காது என்பதால் வெளுத்துப்போனதை மீட்க வழியில்லை, நிழலை ஓரளவு தூக்கிவிடலாம். ஒயிட் பேலன்ஸை (நிறச் சமன் அமைப்பை) வெயில் என்று நிலையாக வைத்துவிடுங்கள். கைப்பேசியில் திரையைத் தொட்டு வெளிச்சத்தை அமைக்கலாம். சில கைப்பேசிகள் சுழலும்போதே வெளிச்சத்தைச் சிறிது சிறிதாக மாற்றவும் செய்யும்.

வானத்தைக் கருநீலமாக்கும் போலரைசர் ஃபில்டர் மாட்டியிருந்தால் கழற்றிவிடுங்கள். சூரியனிலிருந்து 90 டிகிரி தள்ளியுள்ள வானத்தில்தான் அது அதிகம் வேலை செய்யும். அகலப் படத்தில் வானத்தின் ஒரு பகுதி மட்டும் கருநீலப் பட்டையாகி, இரு பக்கமும் வெளிறி நிற்கும். இதைப் பிறகு சரிசெய்வது பெரும்பாடு.

கேமரா பாதியில் நிறுத்துவதற்கும், ஓரம் சாம்பலாக நிற்பதற்கும் காரணம் வேகம். முழுக் கோணத்தையும் முடிக்கக் கேமரா ஒரு நேர அளவு வைத்திருக்கிறது. மெதுவாகத் திருப்பினால் நேரம் தீர்ந்துவிடும். எடுக்காமல் விட்ட பகுதி சாம்பலாகும். மிக வேகமாகத் திருப்பினால் அடுத்தடுத்த கீற்றுகளுக்கு ஒட்டுவதற்குப் பொதுவான பகுதி போதாமல், மறுத்துவிடும். ஷட்டரை அழுத்திய பின் தயங்கி நிற்பது புதியவர்கள் செய்யும் தவறு; அழுத்திய கணமே திரும்பத் தொடங்க வேண்டும், முடிவு வந்ததும் நின்றுவிடாமல் கேமரா தானாக முடிக்கும்வரை அதே வேகத்தில் போக வேண்டும். மனத்துக்குள் எண்ணிக்கொண்டு, கேமரா இல்லாமல் இரண்டு முறை திரும்பிப் பழகினால் வேகம் கைக்கு வந்துவிடும். நீண்ட குவியத் தூரத்தில் ஒரே திருப்பத்துக்குப் பிக்சல்கள் வேகமாக ஓடுவதால் பிழை கூடும். ஜூம் லென்ஸை அகல முனையிலேயே வையுங்கள். சோனி கேமராக்களில் திரையின் ஒரு ஓரம் இருண்டு தெரியும். அந்தப் பகுதி படத்தில் வராது. அதை மறந்து குறிவைத்தால் தொடக்கத்தில் நின்ற ஆள் விடுபட்டுப்போவார்.

இவ்வளவு செய்தும் உடைந்தால், காட்சியிலேயே காரணம் இருக்கலாம். வெறும் நீல வானம், அமைதியான நீர்ப்பரப்பு, வெள்ளைச் சுவர் ஆகியவற்றில் கேமரா பிடித்துக்கொள்ள எந்த அடையாளமும் இல்லை. மாறாக, ஒரே மாதிரியான கம்பிகள் வரிசையாக உள்ள வேலியிலோ, ஓடு பதித்த சுவரிலோ, ஒரு கம்பியை அடுத்த கம்பி என்று எண்ணிப் பொருத்திவிடும். கரையின் ஒரு துண்டு, ஒரு மரம், ஒரு பாறை என்று வேறுபட்ட ஏதாவது ஒன்று சட்டகத்தில் எப்போதும் இருக்கும்படி நில்லுங்கள்.

நேரான நீண்ட கட்டடத்துக்கு எதிரே நின்று சுழற்றினால், நடுப்பகுதி வீங்கி இரண்டு பக்கமும் ஒடுங்கித் தெரியும். இது பிழையன்று, படம் உருளைப் பரப்பில் விரிக்கப்படுகிறது. செங்குத்துக் கோடுகள் நேராக இருக்கும். கிடைக்கோடுகளில் கண்மட்டத்தில் ஓடுவது மட்டும் நேராக இருக்கும், மற்றவை வளையும். 180 டிகிரிக்குப் பதில் 100, 120 டிகிரியோடு நிறுத்திக்கொண்டால் வளைவு அடங்கும். நதி வளைவு, விளையாட்டரங்கம், மலைகள் சூழ்ந்த பள்ளத்தாக்கு போன்று உங்களைச் சுற்றி வளைந்த காட்சிகளுக்கு இந்த முறை பொருந்துவது போல நேரான தெருவுக்குப் பொருந்தாது.

சுழற்றும் முறை கைகொடுக்காத இடத்தில், தனிப்படங்களாக எடுத்து ஒட்டுங்கள். மேனுவல் எக்ஸ்போஷர், நிலையான ஒயிட் பேலன்ஸ், ஃபோகஸை ஒருமுறை வைத்து மேனுவலுக்கு மாற்றுவது, கேமரா செங்குத்தாக. 28 மி.மீ.யில் செங்குத்தாகப் பிடித்தால் ஒரு படம் பக்கவாட்டில் 46 டிகிரி. மூன்றில் ஒரு பங்கு மேல்படிய வேண்டுமானால் படத்துக்குப் படம் 30 டிகிரி திருப்ப வேண்டும். 180 டிகிரிக்கு 6 படம் போதும். ஒவ்வொன்றும் நின்று எடுப்பதால் ஷட்டர் ஒரு நொடி திறந்திருந்தாலும் முக்காலியில் கவலையில்லை. ரா கோப்பும் கிடைக்கும். ஹியூகின் என்ற கட்டற்ற மென்பொருள் இவற்றை ஒட்டித் தரும். அசைந்த ஆள் எந்தப் படத்திலிருந்து வர வேண்டும், எதிலிருந்து நீக்கப்பட வேண்டும் என்பதையும் அதில் குறிக்கலாம். லைட்ரூமிலும் ஃபோட்டோஷாப்பிலும் இதற்கான வசதி உண்டு.

எதில் எடுத்தாலும் அந்த இடத்தை விட்டு நகர்வதற்கு முன் மூன்று முறையாவது எடுங்கள். கேமராவின் சின்னத் திரையில் முழுப் படமும் எப்போதும் அழகாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். முழு அளவுக்குப் பெரிதாக்கி, முதலில் அடிவானத்தை ஓரத்திலிருந்து ஓரம் வரை நகர்த்திப் பாருங்கள், பிறகு மின்கம்பிகளையும் கூரை விளிம்புகளையும், கடைசியில் முகங்களை. அச்சிடும் எண்ணம் இருந்தால், 8192 × 1856 படம் அங்குலத்துக்கு 300 பிக்சல் கணக்கில் 27 அங்குல அகலம், 6 அங்குல உயரம் வரும். சற்றுத் தள்ளி நின்று பார்க்கும் சுவர்ப் படத்துக்கு 200 பிக்சல் போதும், அப்போது 41 அங்குலம், 9 அங்குலம்.